பதிவேட்டில் நிற்கும் பதினான்கு மரங்கள்

மரங்களைக் காப்பாற்றுவது என்று கம்பெனி முடிவெடுத்த அதே வாரத்தில்தான் கஞ்சியக்காவின் பதினான்கு மரங்களும் போயின.

கஞ்சியக்கா சலவைக்கடை நடத்துபவள். அவள் கஞ்சி போட்டுத் தேய்த்த விரிப்பை மடிக்காமல் சுவரில் சாய்த்து வைத்தால் அது பாட்டுக்கு நிற்கும் என்பார்கள். அவள் பேச்சும் அப்படித்தான், வளையாது. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கணவர் மட்டும் எப்படியும் கூப்பிடுவதில்லை. இஸ்திரிப் பெட்டியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார், அவள் திரும்பிப் பார்ப்பாள். இருபத்தேழு வருடக் குடித்தனம் அந்தத் தட்டிலேயே ஓடிவிட்டது.

கடைக்கு முக்கியமான வேலை ஆஸ்பத்திரி விரிப்புகள். தினமும் நூற்றிருபது. விடிந்ததும் துவைத்து, பத்து மணிக்குள் கொடியில் போட்டு, மதியம் எடுத்து, தேய்த்து, நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி ஸ்டோரில் எண்ணிக் கொடுத்தாக வேண்டும். கடைக்குப் பின்னால் ஓடையை ஒட்டிய சதுப்பு நிலம்தான் காயப்போடும் இடம். அங்கே வரிசைக்கு ஏழாக எதிரும் புதிருமாகப் பதினான்கு மகோகனி மரங்கள். நிலத்தை வாங்கும்போது கைப்பருமனாக இருந்தவை இருபத்திரண்டு வருடத்தில் ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனுக்கு வந்திருந்தன. மரத்துக்கு மரம் நீல நைலான் கயிறு, ஆக ஏழு கொடி. ஈர விரிப்பின் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். அந்தச் சேற்று மண்ணில் அந்தக் கனத்தைத் தாங்க வேர் வேண்டும். வேறு எதை நட்டாலும் ஒரு மாதத்தில் குடிகாரன் மாதிரி சாயும். அக்காவுக்கு மரங்கள் என்றால் அவ்வளவுதான். அவற்றுக்கு அவள் பெயர் வைக்கவில்லை, கட்டிப்பிடித்துப் பேசவும் இல்லை. கயிறு கட்டினாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் தோப்பு. கதவு, மேசை, கட்டில் எல்லாம் செய்து கப்பலில் அனுப்பும் பெரிய கம்பெனி. அவர்கள் அந்த வருடம் அறுபத்து நான்கு பக்கத்தில் ஓர் உறுதிமொழி வெளியிட்டார்கள். அதன்படி பத்தாயிரம் மரங்களை நிரந்தரமாகக் காக்கப்போகிறார்கள். எண்ணிப் பார்த்ததில் பதினான்கு குறைந்தது.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை காலை, பொறுப்பான மரம் பெறுதல் துறையின் அதிகாரி, கையில் கோப்பும் பின்னால் பெயின்ட் டப்பாவோடு இரண்டு ஆட்களுமாக வந்து இறங்கினார். துறையின் பெயர் வாயில் நுழையாததால் எல்லோரும் அவரைப் 'பொறுப்பு' என்றே சொல்வார்கள். முப்பது வயதிருக்கும். காலர் சரியாகத் தேய்க்கப்படவில்லை என்பதை அக்கா முதலில் கவனித்தாள்.

"உங்க மரங்களை நாங்க காப்பாத்தப் போறோம்மா" என்றார் அவர்.

"யார்கிட்டேருந்து சார்?"

இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "பொதுவா" என்றார்.

மரங்கள் உங்களுடையவைதான், நாங்கள் காப்பது மட்டும்தான் என்று விளக்கினார். ஒரு சம்மதப் படிவம் நீட்டினார். காப்பதற்குத்தானே என்று அக்கா கையெழுத்துப் போட்டாள். ஆட்கள் ஒவ்வொரு மரத்திலும் இடுப்பு உயரத்தில் மஞ்சள் பெயின்டால் ஒரு வளையம் போட்டார்கள். பிறகு போட்டோ எடுத்தார்கள்: பதினான்கு மரம், ஏழு கொடி, கொடி நிறைய வெள்ளை விரிப்பு, நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் சிரிக்கும் அக்கா.

வியாழக்கிழமை விரிப்புகளைக் கொடியில் போட்டுவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியபோது நிலம் பளிச்சென்று இருந்தது. முதலில் எங்கோ தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தாள். பிறகு கடையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், இரண்டும் அவளுடையவைதான். அடிமரங்களை எண்ணினாள். பதினான்கு. மறுபடி எண்ணினாள், தன் எண்ணிக்கையில் அவளுக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு. பதினான்குதான். நறுக்கிய கயிறுகள் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. காய்ந்த விரிப்புகளை மடித்தே வைத்திருந்தார்கள், நல்ல ஆட்கள்.

கணவர் எவ்வளவோ தடுத்துப் பார்த்திருக்கிறார். வழக்கம்போல் மேசையைத் தட்டியிருக்கிறார். ரம்பச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

வெட்டு ஆட்களின் மேஸ்திரி கடைசிக் கட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் அக்கா கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அவர் பதிலுக்குத் தன் பக்கத்தைச் சொன்னார். பத்தொன்பது வருடமாக மஞ்சள் வளையம் என்றால் வெட்டு, சிவப்பு வளையம் என்றால் விடு. இதில் சந்தேகத்துக்கு என்ன இருக்கிறது? யார் நிலம் என்று பார்ப்பது அவர் வேலையில்லை, அதற்கென்று கம்பெனியில் ஒரு துறை இருக்கிறது.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. உறுதிமொழியை ஒட்டி, நிறங்களுக்கான ஆலோசகர் ஒருவரைக் கம்பெனி வரவழைத்திருந்தது. சிவப்பு பயமுறுத்துகிறது, மஞ்சள் நம்பிக்கை தருகிறது என்று அவர் அறிக்கை கொடுத்தார். அன்று முதல் மஞ்சள் என்றால் காப்பது, சிவப்பு என்றால் வெட்டுவது. சுற்றறிக்கையும் போனது, புதிய வளையங்களின் படத்தோடு. வெட்டு ஆட்களின் கொட்டகைக்கு மட்டும் அதைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு சாம்பல் நிற வளையங்களைப் பார்த்த மேஸ்திரி, ஒன்றும் மாறவில்லை என்று புரிந்துகொண்டார். அந்த வாரம் கம்பெனி எந்தெந்த மரங்களைக் காப்பதாகச் சொன்னதோ அவற்றை மட்டும், ஒன்று விடாமல், அவருடைய ஆட்கள் வெட்டி முடித்தார்கள்.

மறுநாள் அக்கா கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். வரவேற்பறையில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் செடி இருந்தது. அரை நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு பொறுப்பு கூப்பிட்டார்.

அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஓடை, கடை, கடைக்குப் பின்னால் இரண்டு வரிசையில் பதினான்கு பச்சைப் புள்ளிகள்.

"நிக்குதே" என்றார்.

"இல்ல சார். வெட்டிட்டாங்க."

"பாதுகாக்கப்பட்ட மரத்தை வெட்டக் கூடாதும்மா. அது எங்க கொள்கை."

"கூடாதுன்னுதான் நானும் சொல்றேன். ஆனா வெட்டிட்டாங்களே."

"கொள்கைப்படி அது நடக்க முடியாது" என்றார் அவர், கணக்கு வராத பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாக. "நடக்க முடியாதது நடந்திருக்காது, இல்லையா?"

அக்கா வெளியே வந்து சிறிது நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒருவேளை தான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. அவ்வளவு பெரிய திரையில் அவ்வளவு பச்சையாக இருந்தது.

அடுத்த வாரம் புகார்ப் படிவம் வாங்கினாள். அதற்கு 'மரத்தின் குரல்' என்று பெயர். பாதிக்கப்பட்ட மரம் நேரடியாகவோ, பிரதிநிதி மூலமாகவோ புகார் தரலாம் என்று போட்டிருந்தது. பிரதிநிதி என்றால் மரத்தோடு நின்று எடுத்த போட்டோ ஒட்ட வேண்டும், பழைய போட்டோ செல்லாது. அக்கா அடிமரத்தின் பக்கத்தில் நின்று எடுத்து ஒட்டினாள். படத்தில் மரம் தெரியவில்லை என்று படிவம் திரும்பி வந்தது.

மூன்றாவது படிவத்துக்கு நேரடி ஆய்வு கிடைத்தது. பொறுப்பு வந்தார். அடிமரம் ஒன்றின் மேல் ஏறி நின்றுகொண்டு நாலா பக்கமும் பார்த்தார். குறித்துக்கொண்டார். இறங்கி அடுத்ததில் ஏறினார். இப்படிப் பதினான்கிலும் ஏறி இறங்கிவிட்டு, மரங்கள் இருக்கின்றன, உயரம்தான் எதிர்பார்த்த அளவில் இல்லை என்றார்.

"எதிர்பார்த்த அளவுன்னா?"

"வேர் இருக்கு, அடி இருக்கு. மேல்பகுதி தற்சமயம் இல்ல. இதை 'உயரம் குறைந்த நிலை'ன்னு பதிவு பண்றேன். குழு கூடிப் பாக்கும்."

குழு கூடியது. உயரம் குறைந்திருப்பது மரங்களின் உள்விவகாரம் என்றும், அதில் கம்பெனி தலையிடுவது பொறுப்பான செயல் ஆகாது என்றும் கடிதம் வந்தது.

இதற்கிடையில் விரிப்புகள் காய்ந்தாக வேண்டுமே? அக்கா வேலியில் போட்டாள், கூரையில் போட்டாள், வீட்டுக்குள் கயிறு கட்டி மின்விசிறிக்குக் கீழே போட்டாள். ராத்திரி கட்டிலுக்குப் போக விரிப்புகளுக்குக் கீழே தவழ்ந்துதான் போக வேண்டியிருந்தது. காயாததைக் கணவர் இஸ்திரிப் பெட்டியாலேயே காய வைத்தார். கடை முழுக்க ஆவி. இரும்புக் குழாய் நட்டார்கள். இரண்டு நாளில் விரிப்பில் துருக்கறை பட்டது, நாலாம் நாள் குழாய் சாய்ந்தது. ஆஸ்பத்திரி ஸ்டோர் அம்மா நல்லவள். நாற்பது விரிப்பைத் திருப்பிக் கொடுத்தபோதுகூட முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளவில்லை. "ஈர வாடை வருதுக்கா. நோயாளி படுக்கிறது. இந்த மாசக் கடைசி வரைக்கும் நான் சமாளிக்கிறேன். அப்புறம் மெஷின்காரங்களுக்குக் கொடுத்துருவாங்க" என்றாள். ஆஸ்பத்திரி போனால் கடை போயிற்று. மாசக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது.

அன்று மாலை கம்பெனியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. பாதுகாக்கப்பட்ட மரங்கள் இருக்கும் பகுதியில் இரும்புக் குழாய் நட்டு அவற்றின் வேர்களுக்கு ஊறு விளைவித்ததாக அக்காவின் மேல் குற்றச்சாட்டு. மரங்கள் மனம் புண்பட்டிருக்கக்கூடும் என்பதால் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், மரங்களுக்கு.

அதுவரை அக்காவுக்கு இருந்தது குழப்பம்தான். நோட்டீஸை இரண்டு முறை வாசித்தாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். குழப்பம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் நியாயம் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து கம்பெனியே அவளைத் தேடி வந்தது. உறுதிமொழிக்கு விழா எடுக்கிறார்கள். கம்பெனி மரங்களைக் காக்கிறது என்ற சான்றிதழைப் புதுப்பிக்க வெளியிலிருந்து தணிக்கையாளர் வருகிறார். அதற்கென்று மண்டபத்தில் புதிதாக ஒரு நீள மேசை போட்டிருக்கிறார்கள். மேசைக்குப் பச்சைப் பருத்தித் துணியில் விரிப்பு தைத்தாயிற்று, ஓரம் முழுக்க உறுதிமொழியை எம்பிராய்டரி செய்திருக்கிறது. அதை அலசிக் கஞ்சி போட்டு, சுருக்கமில்லாமல் விரித்தும் கொடுக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் அந்த விறைப்பு அக்காவின் கைக்குத்தான் வரும்.

அளவு பார்க்க அக்கா போனாள். மேசை பதினாறு அடி. நல்ல செம்பழுப்பு, முகம் தெரிகிற மெருகு. பக்கத்தில் ஒரு பலகை வைத்து எழுதியிருந்தார்கள்: 'சமூகத்தின் முழுச் சம்மதத்துடன் பெறப்பட்ட மரம்.' கீழே கண்ணாடி போட்டு அவளுடைய கையெழுத்து. அதற்கும் கீழே, பதினான்கு மரங்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டு அவளே.

காப்பதற்கு வாங்கிய சம்மதம் வெட்டியதற்கும் செல்லும் என்று கொள்முதல் பிரிவு முடிவு செய்திருந்தது. படிவத்தில் 'மரம்', 'சம்மதம்' என்ற இரண்டு சொற்களும் இருந்தனவாம்.

அக்கா மேசையைத் தடவிக்கொண்டே கடைசி வரை நடந்தாள். கடைசி மூலையில் கை நின்றது. மேசைப் பலகையில் ஒரு வடு, விரல் ஆழத்துக்கு, வளைந்து. இருபது வருடம் கயிறு அழுத்தியதில் மரம் தானே சதை வளர்த்து மூடிக்கொண்ட வடு. எவ்வளவு இழைத்தும் போகவில்லை. உள்ளே நீலமாக நைலான் நார் நாலு இழை சிக்கியிருந்தது.

"அந்த மூலையில மரம் கொஞ்சம் சரியில்ல" என்றார் பொறுப்பு. "அதுக்குத்தான் விரிப்பே. சரியா மறைக்கிற மாதிரி தைக்கச் சொன்னேன். நீங்க பாத்து அலசுங்க, புதுத்துணி."

"புதுத்துணிதானே சார்" என்றாள் அக்கா. "எனக்குத் தெரியும்."

புதுப் பருத்தியைச் சுடுதண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று சலவைக்காரர்களுக்குத் தெரியும், அதிகாரிகளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பெரிய அண்டாவை ஏற்றினாள். சோடா போட்டாள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் உறுதிமொழியை உள்ளே இறக்கினாள். எடுத்து அளந்தாள், ஓர் அடி உள்ளே வாங்கியிருந்தது. கணவர் இஸ்திரி மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டவில்லை. வாயைத் திறந்தார்.

"இன்னும் ஒரு கொதி விடலாமா?"

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். மனிதர் அந்த வருடம் பேசிய முதல் வாக்கியம் அது. விட்டார்கள். ஒன்றரை அடி. பிறகு இழுத்தாலும் இம்மி நகராதபடிக் கஞ்சி போட்டுக் கணவர் தேய்த்தார், கல்யாண வேட்டியைத் தேய்ப்பது போல.

விழாவன்று தணிக்கையாளர் உட்கார்ந்த பிறகுதான் அக்கா விரிப்போடு போய்ச் சேர்ந்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. பேச நேரமில்லை, விரி விரி என்று கண்ணால் சொன்னார் பொறுப்பு. அக்கா விரித்தாள். தலைமை இயக்குநர் உட்கார்ந்திருந்த முனையில் ஆரம்பித்து, வழித்து வழித்து, மறுமுனைக்கு வந்தாள். தணிக்கையாளருக்கு முன்னால் ஒன்றரை அடி வெறும் மரம் மிஞ்சியது. பொறுப்பு ஓடிவந்து இழுத்தார். விரிப்பு தகரம் மாதிரி நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா தன் கூடையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, சலவைக்காரியை யார் பார்க்கிறார்கள்?

தலைமை இயக்குநர் பேசினார். நல்ல குரல். "மரத்தை நாங்கள் மரமாகப் பார்ப்பதில்லை. எங்கள் குடும்பமாகப் பார்க்கிறோம். வெட்டும்போதுகூட வருத்தத்தோடுதான் வெட்டுகிறோம். அந்த வருத்தத்தை ஒவ்வோர் ஆண்டும் அளந்து அறிக்கையாக வெளியிடுகிறோம். சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு வருத்தம் பதினெட்டு சதவீதம் கூடியிருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்." கைதட்டல். "ஒரு மரத்துக்கு ஆபத்து என்றால் அந்த இடத்தில் நாங்கள் நிற்போம்." மறுபடி கைதட்டல்.

தணிக்கையாளர் கைதட்டவில்லை. ஒல்லியான மனிதர், பென்சிலும் பூதக்கண்ணாடியுமாக வந்திருந்தார். தனக்கு முன்னால் இருந்த வடுவைப் பார்த்தார். பக்கத்துப் பலகையில் இருந்த படத்தில் மரத்தைச் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தார். நகத்தால் ஒரு நீல இழையை நெம்பி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். பிறகு கம்பெனியின் அறிக்கையைப் புரட்டினார்.

"பன்னிரண்டாம் பக்கத்துல இந்தப் பதினாலு மரமும் நிக்குதுன்னு இருக்கு. முப்பத்தொண்ணாம் பக்கத்துல இதே பதினாலும் இந்த மேசையா ஆச்சுன்னு இருக்கு. ரெண்டுல ஒரு பக்கம் பொய். பொய்ப் பக்கம் இருந்தா சான்றிதழ் கிடையாது. எந்தப் பக்கம்?"

இயக்குநர் பொறுப்பைப் பார்த்தார். பொறுப்பு கொள்முதல் பிரிவைப் பார்த்தார். கொள்முதல் பிரிவு கூரையைப் பார்த்தது.

"காப்பதும் வெட்டுவதும் எங்களிடம் வேறு வேறு துறைகள்" என்றார் இயக்குநர். "இரண்டும் தத்தம் இலக்கை எட்டியிருக்கின்றன. மரங்கள் நிற்கின்றன, அதில் சந்தேகமே வேண்டாம். இந்த மேசை அவற்றின் எதிர்கால வடிவம். கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டது."

தணிக்கையாளர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். "காரணம் எனக்கு வேண்டாம். நான் எண்ணுறவன். நாளைக்குப் பத்து மணிக்கு அந்த நிலத்துக்கு வந்து எண்ணுவேன். போட்டோல இருக்கிற மாதிரி பதினாலு இருக்கணும், கொடி இருக்கணும், துணி இருக்கணும். மரம்னா என்னன்னு நீங்களே ஒன்பதாம் பக்கத்துல எழுதிருக்கீங்க." வாசித்தார்: "'தன் இடத்தை விட்டு அகலாமல், நேராக நின்று, சமூகத்துக்குப் பயன்படும் உயிருள்ள எதுவும்.' இதை வெச்சுத்தான் எண்ணுவேன்."

அவர் எழுந்து போனதும் மண்டபமே யோசனை சொல்லத் தொடங்கியது. பிளாஸ்டிக் மரம் வைக்கலாம் என்றார் ஒருவர். உயிர் வேண்டுமே என்றார் இன்னொருவர். வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்து நடலாம் என்று மூன்றாமவர் சொல்ல, அந்தச் சேற்றில் ஒரு ராத்திரிகூட நிற்காது என்று மேஸ்திரி வாசலிலிருந்தே சொன்னார். நிலம் அவளுடையது, அவள் சரி என்றால்தான் எதுவும் என்று யாருக்கோ அப்போதுதான் உறைத்தது. எல்லாத் தலையும் சுவரோரம் திரும்பியது.

"உங்களுக்கு என்னம்மா வேணும்? எதுவானாலும் சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

"கயிறு கட்ட இடம் சார்."

"அது... வேற எதாவது?"

"வேற என்ன கேக்கப்போறேன்? உயிரோட நேரா நிக்கணும், அவ்வளவுதானே." அக்கா கூடையைக் கீழே வைத்தாள். "தம்பி, உங்க துறையில எத்தனை பேரு?"

முதன்முறையாகத் தம்பி என்று அழைக்கப்பட்ட பொறுப்பு, யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டார். "பதிமூணு."

"அந்த இடத்துல நாங்க நிப்போம்னு சார் இப்பதான் சொன்னாரு" என்றாள் அக்கா. "பதிமூணும் ஒண்ணும் பதினாலு."

மேஸ்திரி இருமல் வந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். அடிமரத்துக்கு ஒருவராக ஏறி நின்றார்கள். அக்கா ஏணி போட்டுத் தோளில் கயிறு கட்டினாள். சட்டைக் கைமடிப்பு கலையாதபடிதான் கட்டினாள், தொழில் சுத்தம். ஓடைப் பக்க வரிசையில் ஏழாவதாக இயக்குநர். அவரை அவளே தேர்ந்தெடுத்த இடத்தில் நிறுத்தினாள், அங்கேதான் வெயில் முதலில் வந்து கடைசியில் போகும். பிறகு நூற்றிருபது விரிப்பையும் கொடியில் போட்டாள். வழக்கமாக இரண்டு முறை பிழிவாள். அன்று பிழியவே இல்லை.

பத்து மணிக்குத் தணிக்கையாளர் வந்தார். பென்சிலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். பதினான்கு. இடத்தை விட்டு அகலவில்லை. நேராக நின்றன, ஒன்று மட்டும் லேசாக ஆடியது. 'காற்றில் அசைவு' என்று எழுதினார். உயிர் இருக்கிறதா என்று பார்க்க இயக்குநரின் மணிக்கட்டைப் பிடித்தார், இருந்தது. சமூகத்துக்குப் பயன்பாடு? விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். சரி.

சான்றிதழ் தந்தார். அடியில் ஒரு குறிப்பும் எழுதினார்: சான்றிதழ் செல்லுபடியாகும் காலம் முழுவதும், எந்த வேலை நாளிலும், முன்னறிவிப்பில்லாமல் வந்து எண்ணப்படும். நட்டு வைக்கும் கன்றுகள் படத்தில் உள்ள பருமனை எட்டும்வரை இது பொருந்தும். கம்பெனி அன்றைக்கே பதினான்கு கன்றுகள் வாங்கிக் கொடுத்தது. முழங்கால் உயரம் இருந்தன. மேஸ்திரி ஆளுக்கு முன்னால் ஒன்றாக நட்டுக் கொடுத்தார்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி ஸ்டோர் அம்மா விரிப்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். நூற்றிருபதையும் எடுத்துக்கொண்டாள். இனி மாசக் கடைசியைப் பற்றிப் பேச வேண்டாம் என்றாள்.

இரண்டாம் வாரம் ஒருநாள் மதியம், அக்கா கொடிக்குக் கீழே குனிந்து போகும்போது இயக்குநர் மெதுவாகக் கூப்பிட்டார். வேர்த்து வழிந்தது, மூக்கு நுனி உரிந்திருந்தது. அதிகாரமெல்லாம் போய்க் குரல் நன்றாகவே அலசி எடுத்த மாதிரி இருந்தது.

"அக்கா, இது எப்ப காயும்?"

அக்கா ஒரு விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். எதையும் அவள் அவசரப்பட்டுச் சொல்கிறவள் இல்லை.

"விரிப்பு இன்னும் ஒரு மணி நேரத்துல காஞ்சிரும் சார்" என்றாள். "அப்புறம் கம்பளி இருக்கு. குளிர்காலம் வருதுன்னு ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் ஒண்ணாத் துவைக்கக் கொடுத்துட்டாங்க."

கடை வாசலில் கணவர் இஸ்திரிப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். முதல் கம்பளி அண்டாவிலிருந்து வெளியே வந்துவிட்டது. தூக்கி வர இரண்டு பேர் வேண்டியிருந்தது.